பிரதியின் சாவு: ஒரு விசிடியை முன்வைத்து

'பிரதி' என்ற சொல்லை எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். ஆசிரியன் செத்துவிட்டான், இனிப் பிரதிதான் பேசும் என்றோம். சினிமாக்காரர்களிடமும் இந்தச் சொல் உண்டு. அங்கே பிரதி என்பது பெட்டியில் வரும் படச்சுருள். அது கீறும், சுருங்கும், புளித்த வாடை அடித்து உதிரும். ஆசிரியனின் சாவைக் கொண்டாடிய நாம் இந்தப் பிரதியின் சாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

2000களின் நடுவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் 'நல்லதம்பி' விசிடி வாங்கினேன். 1949இல் வந்த படம். கதை வசனம் அண்ணாதுரை, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, நாயகன் என்.எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்த ஒழுகினசேரிக்கு அந்தக் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். படத்தில் கிந்தனார் காலட்சேபம் வரும். கோவிலுக்குள் போகத் தவித்த நந்தனார் கதையைக் கவிழ்த்துப்போட்டு, படிப்பைத் தேடிப் பட்டணம் போகும் தலித் சிறுவனின் கதையாக்கியிருப்பார்கள். பக்தியை வெட்டிக் கல்வியை ஒட்டிய வேலை அது. அதற்காகத்தான் வாங்கினேன்.

பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன மக்கா சொல்லுகாரு? ஒண்ணும் வெளங்கல்லியே. வாயில துணிய வச்சு அடச்ச மாரில்லா இருக்கு!" எனக்கும் விளங்கவில்லை. அட்டையில் மட்டும் 'டிஜிட்டல் ஒலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்பார்கள். அப்படியா? விசிடி 1993இல் வகுக்கப்பட்ட தரம். ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள். டிவிடி தருவதில் ஏறக்குறைய கால் பங்கு. படத்துக்கு விநாடிக்கு 1,150 கிலோபிட், ஒலிக்கு 224. இந்தச் சின்னப் பைக்குள் படத்தைத் திணிக்க, கண் கவனிக்காது என்று கருதப்படுவதையெல்லாம் கருவி தூக்கி எறிகிறது. இருட்டின் படிநிலைகள் போய்க் கட்டம் கட்டமாக நிற்கும். கூட்டம் அசைந்தால் முகங்கள் கரையும். படத்தைப் பொறுத்தவரை தட்டின் மேல் பழி போடலாம், சரி. ஆனால் ஒலி? 1949இல் பதிவான ஒற்றைக் குரலுக்கு 224 கிலோபிட் தாராளம். ஆகவே குற்றம் தட்டுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. நெகட்டிவைத் தேடாமல் கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்த பிரதியிலிருந்து எடுப்பது. இரைச்சலைக் குறைப்பதாகச் சொல்லி மேல்சுரங்களை மொத்தமாக வழித்தெறிவது. அதன்மேல் எதிரொலியைப் பூசுவது. மேல்சுரத்தோடு மெய்யெழுத்தின் கூர்மை போகிறது. மிஞ்சுவது உயிரெழுத்தின் முனகல். பேச்சையே ஆயுதமாக வைத்திருந்த கலைஞனிடமிருந்து மெய்யெழுத்தைப் பிடுங்கினால் என்ன மிச்சம்? சேஷ்டை மட்டும். இன்றைய பையன்களுக்கு அவர் வெறும் கோமாளியாகத் தெரிவதில் இந்தத் தட்டுகளுக்கும் பங்குண்டு.

இன்னொரு வெட்டும் நடந்தது. 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு தமிழுக்கு சினிமாஸ்கோப் வந்தது. அந்த அகலப் படங்களைப் பழைய டிவிப் பெட்டியின் சட்டத்தை நிறைக்கும்படி நறுக்கினால் சட்டகத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். போவது ஓரம். ஓரத்தில் நிற்பது யார்? கூலியாள், வேலைக்காரி, கூட்டத்தில் ஒருத்தன். நட்சத்திரம் நடுவில் பத்திரமாக இருப்பார். விளிம்பை வெட்டி மையத்தைக் காப்பாற்றுவது என்று நாம் கட்டுரைகளில் எழுதுவதைக் கத்தரியால் செய்து காட்டினார்கள்.

இங்கே தோழர்கள் குறுக்கிடுவார்கள். கூபாவின் எஸ்பினோசா 1969லேயே 'குறைபாடுள்ள சினிமா'வுக்காக வாதாடவில்லையா? ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009இல் மோசமான பிம்பத்துக்கு வக்காலத்து வாங்கவில்லையா? துல்லியம் என்பதே பணக்காரனின் அழகியல் இல்லையா? நானும் திருட்டுத் தட்டில் கட்டக்கைப் பார்த்தவன்தான், நன்றி மறக்கவில்லை. இந்த மாவட்டத்துக்காரனுக்கு அந்த வாதம் இன்னும் ஆழமாகவே தைக்கும். அகஸ்தீஸ்வரத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து 1975இல் இறந்த ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். 1930இல் திருவனந்தபுரத்தில் காட்டப்பட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டியடிக்கப்பட்டார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. கட்டம் கட்டமாகச் சிதறிய ஒரு ரோசி கிடைத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் எஸ்பினோசா பேசியது கலைஞன் தானே தேர்ந்துகொண்ட குறையை. ஸ்டெயர்ல் பேசியது காவலை மீறிக் கைமாறும் நகலை. நமக்கு நடந்தது வேறு: உரிமை வாங்கி, முத்திரை ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட அலட்சியம். 'இவனுகளுக்கு இது போதும்' என்ற கணக்கு. இதை எதிர்ப்பின் அழகியல் என்று நாம் புகழ்ந்தால் அந்தக் கணக்கை நாமே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அர்த்தம்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 'நல்லதம்பி'க்கு ஒரு வருஷம் முன்னால், 1948இல், உதயசங்கரின் 'கல்பனா' வெளிவந்தது. அதுவும் சென்னையில், ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம். ஸ்கோர்செஸியின் அறக்கட்டளை அதைப் புதுப்பித்து 2012இல் கான் விழாவில் காட்டியது. நல்ல காரியம். சென்னையிலேயே எடுக்கப்பட்ட பழைய செல்லுலாய்டையும் மீட்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. நடனத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் கிந்தனாரின் கிண்டலுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

தட்டுக் கடைகள் மூடிவிட்டன. ஆனால் யூட்யூபில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களில் பல அந்தத் தட்டுகளிலிருந்தே ஏற்றப்பட்டவை. மூலையில் கம்பெனி முத்திரையோடு அதே முனகல். நெகட்டிவ் அழிந்த படத்துக்கு இனி அந்தத் தட்டுதான் மூலப்பிரதி.

அன்று ஆச்சி எழுந்து போகவில்லை. தட்டு விழுங்கிய இடங்களிலெல்லாம், சின்ன வயசில் கொட்டகையில் கேட்டதை அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஒலியைக் குறைத்துவிட்டு அவளைக் கேட்டேன். எழுதிவைக்கத் தோன்றவில்லை. இன்று ஆச்சி இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ கிடந்தால், அதையும் பிரதி என்றே எண்ணுங்கள். கோட்பாடு எழுதுவதற்கு முன் அதை எழுதி வையுங்கள்.