சமையலறைத் தராசின் நுட்பம்

திருவண்ணாமலை வீடுகளில் அரிசியை ஆழாக்கிலும் எண்ணெயைக் கரண்டியிலும் அளப்பதே பழகிய வழக்கமாயினும், கலோரியை, அதாவது உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அளவைக் கணக்கிட விரும்புவோரின் அடுப்பு மேடையில் இடம்பிடிக்கும் சிறிய மின்னணுத் தராசு தனியே நின்று ரசிக்கத்தக்கது. வெற்றுக் கிண்ணத்தை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் பாத்திரத்தின் எடை கழிந்து எண் சுழியமாகிறது. பின்னர்ப் பச்சரிசி எவர்சில்வர் அடிப்பரப்பில் முதலில் கலகலவென்றும், அரிசியின்மேல் அரிசி விழத் தொடங்கியதும் சரசரவென்றும் இறங்க, தடுமாறும் எண்கள் நிலைகொள்ளும் வரை பொறுத்திருக்கும் கை, கடைசியில் இரு விரலால் சில மணிகளைக் கிள்ளியிட்டு 60 கிராமை எட்டுகிறது.

வேகும்போது அரிசி நீரை உறிஞ்சி எடையில் இருமடங்குக்கு மேல் பெருகுவதால், 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும், அதே எடைச் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியும் இருக்கின்றன. எனவே சமைக்கும் முன்பே நிறுப்பது நம்பகமானது. நிலக்கடலை விளையும் இம்மாவட்டத்தில் கடலை எண்ணெயை நிறுப்பது இன்னும் நேர்த்தியான வேலை: கிராமுக்கு 9 கலோரி தரும் அந்தப் பொன்னிற எண்ணெய் கரண்டியில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குலைக்கும் என்பதால், பாட்டிலையே தராசில் வைத்துச் சுழியமாக்கி, வாணலியில் நூலிழையாக ஊற்றி, மீண்டும் வைத்தால், தாளிப்புக்குச் சென்றது 5 கிராம் என்பதைக் குறைந்த எடையே காட்டிவிடுகிறது. கண்மதிப்பு தவறும் இடத்தைப் பொறுமையுள்ள கை திருத்துகிறது. சுவையைக் குறைக்காமல் அளவை அறியத் துணைசெய்யும் இக்கருவி, எளிய சமையலறைக்கும் ஏற்ற நல்ல துணை.