புலம்பலும் தாயகமும்: ஆர்மீனிய வழிவந்த ஓர் இசைக்குழுவைக் குறித்த திறனாய்வு

ஹெவி மெட்டல் என வழங்கும் இசையைத் திருச்சபையார் பெரும்பாலும் ஐயத்தோடே நோக்கி வந்துள்ளனர். மின்கிட்டாரின் பேரொலி, முரசுகளின் வேகம், அலறும் குரல், சாவைப் பற்றிய படிமங்கள் ஆகியன அவ்வையத்திற்குக் காரணமாயின. எனினும், அலறலுக்குத் திருமறையிலேயே இடமுண்டு என்பதை நாம் மறத்தலாகாது. சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்களே. ஆகவே இவ்விசையைக் குறித்து நாம் எழுப்ப வேண்டிய வினா அதன் ஒலியளவைப் பற்றியதன்று. யாருடைய துயரத்தை, யார் முன்னிலையில், எதற்காக அது முறையிடுகிறது என்பதே வினா. இவ்வினாவோடு ‘சிஸ்டம் ஆஃப் எ டவுன்’ என்னும் குழுவின் படைப்புகளை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இக்குழு 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தோன்றியது. உறுப்பினர் நால்வரும் ஆர்மீனியக் குடும்பத்தினர். பாடகர் செர்ஜ் டாங்கியானும் முரசு வாசிக்கும் ஜான் டால்மயானும் பெய்ரூத்தில் பிறந்தவர்கள். ஷாவோ ஓடாஜியான் யெரெவானில் பிறந்தவர். டாரோன் மலாக்கியான் ஒருவரே அமெரிக்க மண்ணில் பிறந்தவர். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்ட 1975-இல் டாங்கியானின் குடும்பம் அமெரிக்கா சேர்ந்தது. அவருடைய பாட்டனாரோ 1915-ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குச் சிறுவராகத் தப்பியவர். 2006-இல் வெளிவந்த ‘ஸ்க்ரீமர்ஸ்’ என்னும் ஆவணப்படத்தில் அவருடைய சாட்சியம் இடம்பெற்றுள்ளது. ஆகவே இவர்களுடைய குடிபெயர்வு ஒரு தலைமுறையில் தொடங்கி முடிந்ததன்று.

நாடற்ற நிலையிலும் நாட்டை நினைந்து வாழ்ந்த ஆர்மீனியரைத் தமிழகம் அறியாததன்று. சென்னை அரண்மனைக்காரத் தெருவின் பெயர் ‘ஆர்மீனியர் தெரு’ என்பதன் திரிபே. 1772-இல் எழுந்த அவர்களுடைய கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையிலேயே ஒரு குருவானவரால் அச்சிடப்பட்டது. தாயகத்திற்கு வெளியே வாழ்வோரே தாயகத்தைச் சொல்லில் காத்து வைத்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று. அன்று அச்சுப்பொறி ஆற்றிய பணியை இன்று மின்கிட்டார் ஆற்றுகிறது எனலாம்.

1998-இல் வெளிவந்த குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1915-ஐப் பற்றிய பாடலோடு முடிகிறது. அப்பாடலின் முறையீடு துருக்கியை மட்டும் நோக்கியதன்று. துருக்கியின் நட்பைக் கருதி, நடந்ததை இனப்படுகொலை என்று அழைக்க அமெரிக்க அரசு நெடுங்காலம் தயங்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2019-இல்தான் அதனை ஏற்றுத் தீர்மானம் இயற்றின. 2021 ஏப்ரல் 24-இல் அதிபர் பைடன் அச்சொல்லை வழங்கினார். தமக்குப் புகலிடம் அளித்த நாடே தம் முன்னோரின் சாவுக்குப் பெயரிட மறுக்கும்போது, குடியேறியவர் எந்நாட்டவர்? நன்றியுணர்வு வாயை மூட வேண்டுமா? மூட வேண்டியதில்லை என்பதே இக்குழுவின் விடை. ஒரு நாட்டின் குடிமகனாக இருப்பது அந்நாட்டை நோக்கி முறையிடும் உரிமையையும் உள்ளடக்கும் என அவர்கள் கருதினர்.

2001 செப்டம்பரில் வெளியான ‘டாக்ஸிசிட்டி’ நமது சிறப்பான கவனத்திற்குரியது. அதிலுள்ள ‘சாப் சூயி’ என்னும் பாடல், சிலுவையில் ஆண்டவர் மொழிந்த இரு வார்த்தைகளை (லூக்கா 23:46, மத்தேயு 27:46) எடுத்தாள்கிறது. பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் நாம் கைவிடப்பட்ட குரலை நான்காவதாகவும், ஆவியை ஒப்புவிக்கும் குரலை ஏழாவதாகவும் கேட்கிறோம். பாடலிலோ இவ்வரிசை தலைகீழாகிறது. ஒப்புவித்தல் முன்னும், ‘ஏன்’ என்னும் வினா பின்னும் வருகின்றன. பிழையென இதனை நாம் தள்ளிவிடலாம். ஆயினும், கிறித்தவத்தை அரச சமயமாக முதன்முதலில் ஏற்றதாக மரபு கூறும் மக்களினம், தன்னைக் கடவுளிடம் ஒப்புவித்த பின்னரே பாலைநிலத்தில் மடிந்தது என்பதை எண்ணும்போது, இவ்வரிசைக்கு ஒரு கசப்பான பொருத்தம் புலப்படுகிறது. அத்தொகுப்பின் இறுதியிலோ, ‘ஆண்டவரே இரங்கும்’ என வேண்டும் ஆர்மீனிய வழிபாட்டுப் பண் ஒலிக்கிறது. விடை பெறாத வினாவும் ஒரு வேண்டுதலாகவே நின்றுவிடுகிறது.

2015 ஏப்ரல் 23 அன்று இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. எச்மியாட்சினில் ஆர்மீனியத் திருச்சபை 1915-இல் மாண்டோரைப் புனிதர்களாக அறிவித்தது. அன்று மாலையே யெரெவானின் குடியரசுச் சதுக்கத்தில், கொட்டும் மழையில், இக்குழு முதன்முறையாக ஆர்மீனிய மண்ணில் இசைத்தது. திருச்சபை மாண்டோரைப் பலியானோர் நிலையினின்று வெற்றி பெற்றோர் நிலைக்கு உயர்த்தியது. இசைக்குழுவோ நீதி இன்னும் வரவில்லை என்று முழங்கியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. புலம்பலற்ற வெற்றி மறதியில் முடியும். நம்பிக்கையற்ற புலம்பல் பழிவாங்கலில் முடியும். சங்கீதம் 137-இன் இறுதி அடிகள் இதற்குச் சான்று.

இங்கேதான் நமது மதிப்பீடு கடினமாகிறது. 2005-இல் வெளிவந்த ‘பி.ஒய்.ஓ.பி.’ என்னும் பாடல், ஏழைகளைப் போருக்கு அனுப்பும் ஆட்சியாளரைச் சாடியது. 2020-இல் நகோர்னோ கராபாக் போர் நிகழ்ந்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இக்குழு வெளியிட்ட இரு புதிய பாடல்களுள் ஒன்று நிலத்தைக் காக்க நிற்போரைப் போற்றியது. தாக்கும் போரும் காக்கும் போரும் ஒன்றல்ல என்பதை ஒப்புகிறோம். 2023 செப்டம்பரில் அந்நிலத்தினின்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் வெளியேற நேர்ந்ததை அறிந்த எவரும் அவர்களுடைய அச்சத்தை மிகையெனக் கூறார். ஆயினும், கலைநோக்கில் முதற்பாடலில் இருந்த வினா இரண்டாவதில் இல்லை. அங்கே கேட்போனின் மனம் குலைகிறது. இங்கே அது அணிவகுக்கிறது.

ஆமோஸ் தீர்க்கன் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம் என அண்டை நாடுகளை முதலில் கடிந்தான். பின்னர் யூதாவையும் இஸ்ரவேலையும் அதே வாய்பாட்டால் கடிந்தான். தன் இனத்தை நோக்கியும் அதே வினாவை எழுப்புவதே தீர்க்கதரிசனத்தின் உரைகல். இவ்வுரைகல்லில் டாங்கியான் முற்றிலும் தோற்றவர் அல்லர். 2013-இல் ஆர்மீனியத் தேர்தல் முறைகேடுகளைக் குறித்து அந்நாட்டு அதிபருக்கே அவர் வெளிப்படையாக மடல் எழுதினார்; 2018-இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியை ஆதரித்தார். குடிமகனாக அவர் செய்ததைக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பாடல் செய்யவில்லை என்பதே நமது குறை.

மேலும், ஒரே வேர் ஒரே அரசியலைத் தருவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் டால்மயான் ஆதரித்த வேட்பாளரை டாங்கியான் வெளிப்படையாக எதிர்த்தார். இவ்விருவரும் உறவினருங்கூட. இனம் நினைவைத் தரும். அந்நினைவைக் கொண்டு எவ்வாறு வாழ்வது என்பதை ஒவ்வொருவரும் தாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயர்களாகிய நாம் இவ்விசையைச் சுவைக்க வேண்டும் என்பதன்று நமது கருத்து. நமது வழிபாட்டு முறைமையில் நாட்டுக்காக வேண்டுதல் உண்டு. நாட்டினால் காயமுற்றோரின் புலம்பலுக்கு அதில் எவ்வளவு இடம் உண்டு? அவர்களுடைய ‘ஏன்’ திருச்சபைக்குள் ஒலிக்கவில்லையெனில், அது வெளியே முழங்கத்தான் செய்யும். அவ்வாறு முழங்கும்போது, அதன் பேரொலியைக் குறைகூறும் தகுதி நமக்கு இராது.