சரிவில் வழுக்கும் குட்டி: இளங்காட்டுயிர்ப் படங்களில் உண்மையும் ஊறும்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுயிர்களின் இளம்பருவத்தைக் காட்டும் ஒளிப்படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் ‘உண்மையா, போலியா’ என்ற ஒரே வினாவால் மதிப்பிடப்படுகின்றன. பார்வையாளருக்கு உண்மையாக இருத்தல் ஓர் அளவுகோல். படம்பிடிக்கப்படும் உயிருக்கு ஊறு செய்யாதிருத்தல் வேறோர் அளவுகோல். குட்டிகளின் படங்களில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் விலகிச் செல்வதை மூன்று படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்டுயிர் ஒளிப்படக்கலை, படத்திருத்தம், கத்தரிப்பு, இளமைப் பெயர்கள், படக்குறிப்பு, மா. கிருஷ்ணன்

இரு சரிவுகள்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘ஒயிட் வில்டர்னஸ்’ என்னும் ஆவணப்படம் சிறந்த முழுநீள ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. லெம்மிங் என்னும் சிற்றெலிகள் கூட்டமாகக் கடலில் பாய்ந்து மாய்வதாகக் காட்டிய பொய்க்காட்சியின் பொருட்டே அப்படம் இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. அதே படத்தில் துருவக்கரடிக் குட்டி ஒன்று பனிச்சரிவில் உருண்டு விழும் காட்சியும் உண்டு. கனடிய ஒலிபரப்புக் கழகம் 1982இல் ஒளிபரப்பிய ‘குரூயல் கேமரா’ என்னும் புலனாய்வு நிகழ்ச்சி, அக்காட்சி ஆர்க்டிக் பகுதியில் எடுக்கப்பட்டதன்று, கால்கரி நகரப் படப்பிடிப்புத் தளம் ஒன்றில் எடுக்கப்பட்டது என்பதை வெளிப்படுத்தியது. வெளியீட்டுக்கும் வெளிப்பாட்டுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலமும் அந்தக் குட்டியின் உருளல் இயற்கையின் இனிய குறும்பாகவே பார்க்கப்பட்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2018 நவம்பரில், இன்னொரு சரிவும் இன்னொரு குட்டியும் உலகின் கவனத்தைப் பெற்றன. ரஷ்யாவின் தூரகிழக்கிலுள்ள மகதான் பகுதியில் ட்ரோன் கொண்டு எடுக்கப்பட்ட அக்காணொளியில், தாய்ப் பழுப்புக்கரடி ஒன்று செங்குத்தான பனிச்சரிவைக் கடந்து உச்சியை அடைகிறது. உடன் வந்த குட்டியோ ஏறுவதும் வழுக்குவதுமாகப் பலமுறை கீழிறங்கிவிடுகிறது. ஒருமுறை குட்டி உச்சியை ஏறத்தாழ எட்டிய கணத்தில் தாய் முன்காலை வீச, அது முன்னினும் நெடுந்தொலைவு வழுக்கிச் செல்கிறது. இறுதியில் குட்டி மேலேற, இரண்டும் ஓடி மறைகின்றன. இதனைக் கோடிக்கணக்கானோர் விடாமுயற்சியின் சான்றாகப் பகிர்ந்தனர். விலங்கியலாளர் சிலரோ அதனை வேறுவிதமாக வாசித்தனர். சிறு குட்டியுடன் செல்லும் தாய்க்கரடி இத்தகைய ஆபத்தான சரிவை இயல்பாகத் தெரிந்தெடுப்பது அரிது. தலைக்குமேல் இரைந்துகொண்டிருந்த கருவியிடமிருந்து அது தப்ப முயன்றிருக்க வேண்டும். முன்காலின் வீச்சும் அந்த அச்சத்தின் விளைவாகலாம் என்பது அவர்தம் வாசிப்பு.

முதற்காட்சியில் சரிவு செயற்கை. இரண்டாவதில் சரிவும் உண்மை, பனியும் உண்மை, வழுக்கலும் உண்மை. ‘போலி’ என்று ஒதுக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயினும் அவ்வாசிப்பு சரியெனின், காட்சியை உண்டாக்கிய காரணி காட்சிக்குள் இல்லை. குட்டி ஏன் வழுக்கியது என்ற வினாவுக்கான விடை சட்டகத்திற்கு வெளியே பறந்துகொண்டிருக்கிறது.

இக்காணொளியின் நடுவில் சட்டகம் திடீரென நெருங்குவதையும் இங்குக் கருத வேண்டும். அந்நெருக்கம் ட்ரோன் தாழ்ந்ததால் வந்ததா, படத்தொகுப்பின்போது பிம்பம் பெரிதாக்கப்பட்டதால் வந்ததா என்பதைத் திரையை மட்டும் பார்ப்பவர் அறிய இயலாது. முன்னது குட்டிக்கு உயிராபத்து. பின்னது கணினியில் செய்யப்பட்ட தீங்கற்ற திருத்தம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. காட்டுயிர்ப் படத்திறனாய்வு எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவே.

விலங்கின் புறத்தோற்றமும் இதில் நம்பத்தக்க சான்றாவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இதயத்துடிப்பைப் பதியும் கருவிகள் பொருத்தப்பட்ட கருங்கரடிகளின்மேல் ட்ரோன்களைப் பறக்கவிட்டு ஆய்ந்தவர்கள் 2015இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கரடிகள் பெரும்பாலும் ஓடவுமில்லை, மிரளவுமில்லை. ஆனால் அவற்றின் இதயத்துடிப்பு இயல்பைவிட நிமிடத்திற்கு 123 துடிப்புகள் வரை உயர்ந்திருந்தது. ‘விலங்கு அமைதியாகத்தான் இருந்தது’ என்று ஒளிப்படக்காரர் கூறும் வழக்கமான சமாதானத்தை இந்த ஓர் எண் வலுவிழக்கச் செய்கிறது.

பொய் சொல்லிய கருணை

பிபிசி 2011இல் ஒளிபரப்பிய ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரில், துருவக்கரடி பனிவளைக்குள் ஈன்ற குட்டிகளைக் காட்டும் பகுதி மிகவும் போற்றப்பட்டது. ஆர்க்டிக்கின் வெளிக்காட்சிகளோடு இணைத்துத் தொகுக்கப்பட்ட அந்த வளைக்காட்சி நெதர்லாந்து விலங்குப்பூங்கா ஒன்றில் எடுக்கப்பட்டது என்பது அவ்வாண்டு டிசம்பரில் பெருஞ்சர்ச்சையாயிற்று. தொடரின் இணையப்பக்கத்தில் இச்செய்தி முன்னரே இருந்தது; டேவிட் அட்டன்பரோவின் வருணனையில் இல்லை. காட்டிலுள்ள வளைக்குள் ஒளிப்படக்கருவியைக் கொண்டுசென்றால் தாய் குட்டியைக் கொல்லும் அல்லது படம் எடுப்பவரைக் கொல்லும் என்பது அட்டன்பரோ தந்த விளக்கம்.

பத்திரிகைகள் இதனை ‘ஏமாற்று’ என்றே எழுதின. பார்வையாளருக்கு உண்மை கூறப்பட்டதா என்று கேட்டால் அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. வெட்டும் ஒட்டும் வழியாக இருவேறு இடங்களை ஒரே தாயின் ஒரே வளையாகக் காட்டிவிட்டு, அதனை இணையத்தின் ஒரு மூலையில் மட்டும் அறிவிப்பது போதாது. குட்டியின் பக்கமிருந்து பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. மனிதரை அறிந்து வளர்ந்த பூங்காக் கரடி ஈன்ற குட்டிகள் படம்பிடிக்கப்பட்டன. காட்டின் வளை தீண்டப்படாமல் விடப்பட்டது. மகதான் காணொளி பார்வையாளரிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு குட்டியைச் சாவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கக்கூடும். ‘ஃப்ரோசன் பிளானட்’ பார்வையாளரிடம் உண்மையை மறைத்தது. ஆனால் காட்டுக்குட்டி எதற்கும் ஊறு செய்யவில்லை. ‘ஒயிட் வில்டர்னஸ்’ உண்மையையும் காக்கவில்லை. சிற்றெலிகள் உள்ளிட்ட உயிர்களையும் காக்கவில்லை.

வளர்ந்த விலங்கின் படத்தில் இவ்விரு அளவுகோல்களும் இத்துணைத் தெளிவாகப் பிரிவதில்லை. வளர்ந்த புலி விலகிச் செல்லும். களிறு எதிர்த்து நிற்கும். குட்டிக்கு அத்தெரிவு இல்லை. அது தாயின் முடிவைச் சார்ந்தது. தாயின் முடிவோ அச்சத்தைச் சார்ந்தது.

கத்தரிப்பு என்னும் விதிவிலக்கு

ஒளிப்படப் போட்டிகளின் விதிகள் இச்சிக்கலை எவ்வாறு கையாள்கின்றன? அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பன்னாட்டு ஒளிப்படக்கலைக் கூட்டமைப்பு, பிரித்தானிய அரச ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014இல் இயற்கை ஒளிப்படத்திற்கென ஒரு பொது வரையறையை ஏற்றன. படத்தில் எதையும் சேர்த்தலும், இடம் மாற்றுதலும், நீக்குதலும் அதன்படி கூடாதன. இவ்விலக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒளிப்படக்காரர் ‘கிராப்’ என வழங்கும் ஓரக் கத்தரிப்பு அது. மனிதக் கூறுகள் படத்தில் இடம்பெறுவதையும் அவ்வரையறை அரிய சூழல்களில் மட்டுமே ஏற்கிறது.

இவ்விரு விதிகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அவற்றின் விளைவு புலப்படும். புலிக்குருளையின் முகத்தின்மேல் விழுந்த புல்லின் ஒரு தாளை அழித்தால் படம் தகுதியிழக்கும். அக்குருளையைச் சூழ்ந்து நின்ற பத்து ஜீப்புகளைக் கத்தரித்து எறிந்தால் படம் தகுதி பெறும். மனிதக் கூறு நீங்கியதால் மேலும் சிறப்புப் பெறும். புல்லைக் காக்கும் விதி, குருளையின் சூழல்மீது நிகழ்ந்த முற்றுகையை மறைக்க இசைவு தருகிறது. விதி வகுத்தோரின் நோக்கம் இதுவன்று. படத்தினும் உயிரின் நலமே மேலானது என்ற அறிவுரையை இத்துறையின் நெறிக்குறிப்புகள் கூறாமலில்லை. ஆயினும் நடுவர் கையில் இருக்கும் சான்று கருவி பதிந்த மூலக்கோப்பு மட்டுமே. அதனை வைத்துப் புள்ளிகளின் நேர்மையைச் சோதிக்கலாம். நின்ற தொலைவையும் நின்ற நேரத்தையும் எவ்வாறு சோதிப்பது?

ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் போட்டியில் நிகழ்ந்த இரு தகுதிநீக்கங்களும் இதையே காட்டுகின்றன. வேலிக்கதவைத் தாண்டும் ஐபீரிய ஓநாயின் படம் 2009இல் முதற்பரிசு பெற்று, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்ற காரணத்தால் 2010இல் நீக்கப்பட்டது. அதை எடுத்தவர் அக்குற்றச்சாட்டை மறுத்தார். 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணியின் படம், அவ்விலங்கு பாடம்செய்யப்பட்ட உடல் என்ற முடிவின் பேரில் 2018இல் நீக்கப்பட்டது. இரண்டிலும் வழக்கு பார்வையாளரை ஏமாற்றியதைப் பற்றியது.

படத்திருத்தம் கணினியில்தான் தொடங்குகிறது என்ற எண்ணமும் பிழையானது. பறவைக்கூட்டைப் படம்பிடிப்போர் சிலர், பார்ப்புகளை மறைக்கும் இலைகளை வெட்டியோ ஒதுக்கிக் கட்டியோ காட்சியைத் ‘திறப்பது’ நெடுங்கால வழக்கம். பொத்தானை அழுத்துமுன்பே செய்யப்படும் திருத்தம் இது. கணினியில் நீக்கிய இலையை ஒரு சொடுக்கில் மீட்கலாம். கிளையில் வெட்டிய இலை மீள்வதில்லை; வெயிலும் காகமும் அவ்வழியே உட்புகும். இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறை பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதையும் உள்ளடக்குகிறது. ஒளிப்பட விதிகளைவிட இச்சட்டச்சொல் இவ்வொரு புள்ளியில் கூர்மையானது.

பெயரும் படக்குறிப்பும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதனை வகுத்து, அவற்றை எவ்வெவ் உயிருக்கு உரிமையாக்கலாம் என வரையறுக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமை குருளை; யானைக்குக் கன்று என்பதோடு குழவி என்ற பெயரும் உரியது; பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும். உயிரினத்திற்கேற்பப் பெயர் மாறும் இம்மரபில் இளமை என்பது பொதுவான ஓர் ‘அழகு’ அன்று. இன்ன உயிரின் இன்ன நிலை. இன்றைய படக்குறிப்புகளிலோ யானையும் புலியும் அணிலும் ஒருசேரக் ‘குட்டி’ ஆகிவிட்டன. அதுவும் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. மொழி அவ்வாறே நகரும். குட்டி ‘குழந்தை’யாகி, அதன் வழுக்கல் ‘தன்னம்பிக்கைப் பாட’மாக மாறுவதுதான் சிக்கல். மகதான் குட்டியைப் பற்றிப் பகிரப்பட்ட வாசகங்களில் பெரும்பாலானவை கரடியைப் பற்றியவை அல்ல, மனிதரைப் பற்றியவை. அத்தகைய வாசகம், சட்டகம் கத்தரித்ததை இரண்டாம் முறையும் கத்தரிக்கிறது.

தமிழ்ச் சூழலில் மாற்று முன்மாதிரி இல்லாமலில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். காட்டில் நடந்தும், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தும் பணியாற்றினார். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறுதிவரை எழுதிவந்த பத்தியிலும் தமிழ்க் கட்டுரைகளிலும், கண்டதையும் கண்ட சூழலையும் எழுத்தில் வைத்தவர் அவர். தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வு 1975இல் நூலாயிற்று. அவரிடத்தில் ஒளிப்படம் கவனிப்பின் துணை ஆவணம். தனித்து நின்று கைத்தட்டல் பெறுவதற்குரிய பொருளன்று. கத்தரிப்பு விட்ட இடத்தை உரைநடை நிரப்பியது.

கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ (2022) வேறொரு வழியை மேற்கொண்டது. 2023இல் ஆஸ்கர் பெற்ற இக்குறு ஆவணப்படம், முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த ரகு என்ற யானைக்கன்றையும் அதனை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரையும் காட்டுகிறது. இங்கு மனிதக் கூறு நீக்கப்படவில்லை, அதுவே கதை. கன்றுக்கு இத்துணை அருகில் ஒளிப்படக்கருவி எவ்வாறு சென்றது என்ற வினாவுக்கு, கன்றின்மீது வைத்த பெள்ளியின் கை விடையாக நிற்கிறது. படம் சில இடங்களில் உணர்ச்சியை மிகையாக இசைக்கிறது; எனினும் தன் நெருக்கத்தின் காரணத்தை அது மறைக்கவில்லை.

ட்ரோன் என்ற கருவியையே குற்றவாளியாக்குவதும் பொருந்தாது. 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தாயைப் பிரிந்து தனித்து நின்ற யானைக்கன்று ஒன்றை வனத்துறையினர் மீட்டனர். ட்ரோனின் துணையோடு யானைக்கூட்டம் இருக்குமிடத்தைக் கண்டறிந்து, கன்றைத் தாயிடம் சேர்த்தனர். அதன்பின் வெளியான ஒளிப்படத்தில் கன்று தாயின் அணைப்பில் உறங்குகிறது. அப்படத்தில் தேடியவரும் இல்லை, தேடிய கருவியும் இல்லை. பார்ப்பவர் அவற்றை அறிவது உடன் வெளியிடப்பட்ட குறிப்பினால் மட்டுமே.