நிழற்படம்: சொல்லும் பொருளும்

'போட்டோகிராஃப்' என்பதற்குத் தமிழில் நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழங்கி வருகின்றன. ஒளியால் எழுதப்படுவது என்னும் மூலப்பொருளுக்கு நெருங்கியதாதலின் ஒளிப்படமே பொருத்தமானது என்பர் ஒரு சாரார். இக்கருத்து மீளாய்வுக்குரியது.

புணேக்கு வடக்கேயுள்ள சாகணில் வழங்கும் மராத்தியில் இதற்குச் 'சாயாசித்ர' என்று பெயர். 'சாயா' நிழலையே குறிக்கும். 1839இல் டால்பட்டும் தம் முறையை நிழலை நிலைப்படுத்தும் கலையாகவே விளக்கினார்.

அன்றாடப் பொருள்களின் நிழற்கோலங்களைப் பதிவு செய்யும் படங்களில் இப்பெயரின் பொருத்தம் புலனாகும். ஆந்திரே கெர்த்தேசின் 'முள்கரண்டி' (1928) தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு கரண்டியையும் அதன் நிழலையுமே காட்டுகிறது. லூசியன் எர்வே 1955இல் சண்டிகரில் எடுத்த படங்களில் கட்டடத்தின் வடிவை நிழலே வரையறுக்கிறது. சாகணில் மாலை வெயிலில் நீண்டு விழும் கம்பத்தின் நிழல், மே மாத நடுவில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் நண்பகலில் அறவே மறைகிறது. ஒளி மிக்க அவ்வேளையில் பதிவு செய்யக் கோலம் இல்லை.

பழந்தமிழில் 'நிழல்' இருட்சாயலை மட்டும் குறித்ததன்று. ஒளி, எதிருரு, காப்பு ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. எனவே நிழற்படம் என்பது ஒளியை விலக்கும் சொல்லன்று. இரண்டையும் தன்னுள் அடக்குவது. கலைச்சொல்லாக்கத்தில் அயற்சொல்லின் உறுப்புகளைப் பெயர்ப்பதினும் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பை அறிதலே முதன்மையானது. அவ்வளவுகோலால் நோக்கின், நிழற்படம் கைவிடத்தக்க சொல்லன்று என்பது தெளிவு.