சொல்லிசைக் குழுக்கள்: சேர்ந்ததும் பிரிந்ததும்

நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களின் கதை கேட்டு வளர்ந்த ஊருக்குக் குழுவில் ஆள் மாறுவது புதிதல்ல. பையனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் ஸ்திரீபார்ட் வேடம் இன்னொருவனுக்குப் போகும். மனஸ்தாபம் வந்தால் நாலு பேர் விலகி வேறு கம்பெனி சேர்வார்கள். ஆனால் பாட்டும் வசனமும் வாத்தியாருடையவை. அதில் தகராறு கிடையாது. சொல்லிசைக் குழுவில், அதாவது ராப் குழுவில், அந்த வாத்தியார் இல்லை. பாடுகிறவன் தன் வரியைத் தானே எழுத வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதனால் ஒருவர் வெளியேறும்போது குரலோடு பேனாவும் சேர்ந்து போய்விடுகிறது.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். ஒன்பது வருடம் கழித்து வந்த ‘தி மெசேஜ்’ பாட்டின் உறையில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவ் குழுவும் இருந்தார்கள். உள்ளே அந்தக் குழுவிலிருந்து கேட்டது பெரும்பாலும் மெல்லி மெல் ஒருவரின் குரல். அவரோடு சேர்ந்து எழுதிய டியூக் பூட்டி குழுவைச் சேர்ந்தவரே அல்ல. அடுத்த வருடமே குழு உடைந்தது. என்.டபிள்யூ.ஏ. குழுவில் ஈஸி-ஈ பாடிய வரிகளில் பலவற்றை எழுதிக் கொடுத்தவர் ஐஸ் க்யூப். பணக்கணக்கு சரியில்லை என்று 1989இல் அவர் விலகினார். அதன்பின் குழு நெடுநாள் நிற்கவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்துக் கதை பிரான்ஸில் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த நம் சொல்தாக்கள் கப்பலில் போய் இறங்கிய மார்செய் துறைமுகத்தில் 1989இல் ‘இயாம்’ குழு உருவானது. அகெனாத்தன், இம்ஹொத்தெப், கெயோப்ஸ் என்று எகிப்தியப் பெயர்களைச் சூட்டிக்கொண்ட இவர்களின் 1997 ஆல்பம் பிரெஞ்சு ராப்பின் உச்சங்களில் ஒன்று. பாரிஸின் வடக்குப் புறநகரான சேன்-தெனியிலிருந்து ‘சுப்ரீம் என்.டி.எம்.’ வந்தது. நடனக்காரர்களும் சுவர் ஓவியர்களும் கூடிய பெரிய கூட்டமாகத் தொடங்கி, கடைசியில் ஜோயிஸ்டார், கூல் ஷென் என்ற இரண்டு பெயர்களில் வந்து நின்ற குழு. அந்தப் புறநகர்ப் பக்கத்தில் சொந்தக்காரர் இருக்கும் வீடு புதுச்சேரியில் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழில் முதல் வலுவான பள்ளி மலேசியாவுடையது. (1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ நம்மைக் குதிக்க வைத்தது உண்மைதான். அது சினிமா கொடுத்த ருசி. அதிலிருந்து குழு எதுவும் முளைக்கவில்லை.) கோலாலம்பூரின் ‘பொயட்டிக் அம்மோ’வில் யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ என நால்வர். 1998இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ஆங்கிலமும் மலாயும் தமிழும் கான்டனீஸும் ஒன்றாகப் புழங்கின. அந்தக் குழுவின் காலம் முடிந்தபின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரையும் யோகி பி சேர்த்துக்கொண்டு ‘யோகி பி & நட்சத்திரா’வைத் தொடங்கினார். 2006இல் ‘வல்லவன்’ ஆல்பம். அதிலிருந்த ‘மடை திறந்து’ 1980இன் ‘நிழல்கள்’ படப் பாட்டை எடுத்து, இளையராஜாவின் மெட்டைக் கெடுக்காமல் அதன்மேல் புதுச் சொற்கட்டைக் கட்டியது. தமிழ்நாட்டுப் பையன்கள் பலருக்குத் தமிழில் ராப் எழுத முடியும் என்று காட்டிய பாட்டு அதுதான். பின்னாளில் மூவரும் தனித்தனியே நடந்தார்கள். ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ என்று யோகி பி தமிழ்நாட்டுத் திரைக்கு வந்தார். என் கணிப்பில், ஆள் மாறியபின் முன்னைவிட உயர்ந்து நின்ற தமிழ்க் குழுவென்றால் நட்சத்திராதான்.

கோவை ஆதியும் ஜீவாவும் நடத்திய ‘ஹிப்ஹாப் தமிழா’ வேறு ரகம். 2011இல் ரேடியோ மிர்ச்சியில் ‘கிளப்புல மப்புல’, 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’, 2015இல் ‘ஆம்பள’ வழியாகத் திரையிசை. மேடையில் முன்னால் நிற்பவர் ஆதி. ஜீவா அவ்வளவாகக் கண்ணில் படமாட்டார். இருவர் மட்டும் என்பதால் பிளவு இல்லை. சினிமாவுக்குள் போனபின் குழு என்பது இசையமைப்பாளரின் முத்திரையாகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம் பிறகு எனக்குக் கேட்கவில்லை.

எதிர்த்திசையில் வந்தது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர், 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தினார்கள். பெயருக்கு அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்து ஆதாரம். சட்டியும் கட்டமோளமும் கிதாரும் டிரம்ஸும். கானா பாடுகிறவர்களின் நடுவே ராப் பாடுகிறவர்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவும் சொந்த வரியை நம்பும் கலையே. அதனால் இரண்டும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவில்லை. ஆண்கள் கூட்டத்தில் இசைவாணி பாடியபோது கானாவின் முகமே மாறியது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அரக்கோணத்து அறிவு இந்தக் குழுவில்தான் ஊருக்குத் தெரிந்தார். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ ஆல்பம், 2021இல் பாடகி தீயுடன் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்கு அடிப்படை. அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு அரங்கேறியது. பாட்டை இயற்றியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் பொதுவெளியில் வெடித்தது. ஐஸ் க்யூப் கேட்ட கேள்வி அங்கே பணத்தைப் பற்றியது, இங்கே பெயரைப் பற்றியது. சாதி பேசும் பாட்டில் பெயர் சிறிய சங்கதி அல்ல.

தாராவியின் ‘டோப்அடெலிக்ஸ்’ குழு 2018இல் ‘காலா’ படத்துக்குள் வந்தபோது தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே மூச்சில் கலந்து வந்தன. மும்பைச் சேரியின் பேச்சு அப்படியே. அதில் பாவனை இல்லை.

இவர்களை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்க ராப் வரியின் கடைசியில் ஒலியைப் பொருத்துகிறது. நம்முடைய யாப்பில் அது இயைபு. தமிழில் இயைபு மலிவு: ‘வந்தான், சென்றான், வென்றான்’ என்று வினைமுற்றுகளை அடுக்கினால் யாரும் கவிஞர். அப்படி அடுக்கியே நான்கு நிமிடம் ஓட்டுகிற பாட்டுகள் ஏராளம். எதுகையை வரியின் நடுவே ஒளித்து வைத்து, தாளத்தின் இடைவெளியில் மூச்சை நிறுத்தி, குறில் நெடிலைப் பிசகாமல் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். யோகி பி அப்படி. ‘தெருக்குரல்’ காலத்து அறிவும் அப்படி. பாரதிதாசனின் ஊரில் சந்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் முதல் எட்டு வரியிலேயே பிடிபட்டுவிடும்.