இரமோனா: சேருமிடம் அற்ற உடன்போக்கு

ஹெலன் ஹண்ட் ஜாக்சன் அம்மையார் 1884-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரமோனா’ என்னும் புதினம் தென் கலிபோர்னியாவைக் களனாகக் கொண்டது. அந்நிலம் 1848-இல் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்க நாட்டின் கைக்கு மாறியது. அதன் பின்னர் நிகழ்வதாகக் கதை அமைந்துள்ளது. இதனைக் காதற்கதை என்றே பலரும் போற்றினர். காதற்சுவை மிகுந்தமையால், பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உணர்த்தும் நோக்கம் மறைந்துவிட்டது என்று குறை கூறுவாரும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

இரமோனா ஸ்காத்லாந்துத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவள். மொரேனோ என்னும் மெக்சிகச் சீமாட்டியின் மனையில் அன்பின்றி வளர்க்கப்பட்டவள். அலெசாந்திரோ, தெமெக்குலா என்னும் பழங்குடிச் சிற்றூர்த் தலைவனின் மகன். ஆட்டு மயிர் கத்தரிக்க அம்மனைக்கு வந்தவன். சீமாட்டி மணத்திற்கு இசையாளாக, இருவரும் இரவில் வெளியேறுகின்றனர்.

இதனைத் தமிழ் மரபு பற்றி உடன்போக்கு எனலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நம் அகப்பாடல்களில் சுரம் கொடியதேனும், அதனைக் கடந்தால் தலைவனின் ஊர் உண்டு. அலெசாந்திரோவின் ஊரோ அவன் தலைவியை அழைத்துச் செல்லுமுன்னரே வெள்ளையர்க்கு உரிமையாக்கப்பட்டு, மக்கள் துரத்தப்பட்டுவிட்டனர். இது கற்பனையன்று, தெமெக்குலா மக்கள் 1875-இல் உண்மையாகவே வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவர்கள் குடியேறிய சான் பாஸ்குவாலிலும் நிலம் பறிபோகின்றது. அடுத்த ஊரில், அரசு மருத்துவர் வர மறுத்தமையால் குழந்தை இறக்கின்றது. இறுதியில் மலையுச்சி ஒன்றே எஞ்சுகின்றது. அங்கு, சித்தம் கலங்கிப் பிறர் குதிரையொன்றைக் கொணர்ந்த அலெசாந்திரோ சுட்டுக் கொல்லப்படுகின்றான். கொன்றவன் தண்டனையின்றித் தப்புகின்றான்.

இல்லறத்திற்கு வேண்டுவன மனையும் விளைநிலமும் ஆகும். காதல் முதிர முதிர அவை குறைந்துகொண்டே வருதலை ஆசிரியர் படிப்படியாகக் காட்டுகின்றார். எனவே காதல் கொடுமையை மறைக்கும் திரையன்று. அதனை அளந்து காட்டும் கோல். பழங்குடியினர் நிலை குறித்து 1883-இல் அரசுக்கு அறிக்கை அளித்தவர் இவ்வம்மையார். அறிக்கை நில இழப்பைக் கூறிற்று. புதினம் அவ்விழப்பு ஒரு குடும்பத்தை அழிக்குமாற்றைக் கூறிற்று.

குறை முடிவில்தான் உள்ளது. சீமாட்டியின் மகன் பெலிப்பே, கைம்பெண்ணான இரமோனாவை மணந்து மெக்சிகோவுக்கு அழைத்துச் செல்கின்றான். தலைவி அந்நிலத்தை விட்டு நீங்கியதும், நிலம் யாருடையது என்னும் வினாவும் உடன் நீங்குகின்றது. கற்பார் ஆறுதல் பெறுகின்றனர். துயருற்ற மக்களோ இருந்த நிலையிலேயே விடப்படுகின்றனர். 1923 முதல் ஹெமெட் நகரில் இக்கதை பெருந்திரளானோர் கண்டு மகிழும் திறந்தவெளி நாடகமானதற்கு இம்முடிவும் துணைசெய்திருத்தல் கூடும். புதினத்தை மறைத்தது காதலன்று. ஆசிரியர் இரங்கி அளித்த ஆறுதலே எனத் துணியலாம்.