பட்டிமன்றம்: சாட்சி எங்கே?

எழுமலை, உசிலம்பட்டி பக்கத்துத் திருவிழாக்களுக்குப் பட்டிமன்றம் புதிதல்ல. நடுவில் நடுவர், இருபுறமும் இரண்டு அணிகள். பேச்சாளர் பேசுவது பெரும்பாலும் அவருக்குத் தரப்பட்ட கட்சியை. எதிரணியில் உட்கார வைத்தால் அதையும் அதே வேகத்தில் பேசுவார்.

இது குறையல்ல, பயிற்சி. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும், நடுவராக அமர்ந்த குன்றக்குடி அடிகளாரும் வளர்த்த மேடையில் வழக்குகள் காப்பியத்தைச் சுற்றியே எழுந்தன. வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்று வாதிட்டால், இரு தரப்பும் கம்பன் பாட்டைத்தான் காட்டியாக வேண்டும். ஒருவர் பொருளைத் திரித்தால் மற்றவர் அடுத்த பாட்டைச் சொல்லி மடக்குவார். சாட்சி இருவருக்கும் பொது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா இந்த மேடையை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தார். அவருடைய மதுரைப் பேச்சும், பேச்சாளர்கள் ராஜா, பாரதி பாஸ்கர் ஆகியோரின் வாதங்களும் சன் டிவியின் பொங்கல், தீபாவளிக் காலைகளில் பழகிப்போயின. 2021இல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தலைப்புகளோ காப்பியத்தை விட்டுக் குடும்பத்துக்கு வந்தன.

அதோடு வாதத்தின் கருவிகளும் மாறின. பேச்சாளர் முதலில் தன்னையே கேலி செய்துகொள்கிறார். கூட்டம் சிரித்து இளகுகிறது. பிறகு பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டு, கூட்டத்தையே பதில் சொல்ல வைக்கிறார். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஓர் அம்மா கதை. கண் கலங்கியவர் கணக்குக் கேட்பதில்லை.

சிக்கல் இங்கேதான். பக்கத்து வீட்டில் நடந்ததாகச் சொல்லும் கதையை யாரும் சரிபார்க்க முடியாது. அதற்கு எதிரணி சொல்லும் பதில் அதைவிட உருக்கமான இன்னொரு கதைதான். மாமியார், மனைவி நகைச்சுவைகள் ஆதாரத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா என்ற வழக்கில் வருமானம், வீட்டு வாடகை, வேலைக்காக ஊர்விட்டுப் போவது எல்லாம் ஓரமாய் நிற்கும். இரண்டும் வேண்டும் என்ற தீர்ப்பு யாரையும் நோகடிக்காது. எந்த வாதம் எங்கே உடைந்தது என்பதையும் சொல்லாது.

ஆனாலும் அரசியல் கூட்டத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: எதிர்த்தரப்பை முழுதாகக் கேட்கும் பொறுமை. அதைக் கெடுக்காமலே நடுவர் ஒன்று செய்யலாம். சிரிப்பு அடங்கியதும், “கதை நல்லா இருக்கு, இதுக்கு ஆதாரம் என்னய்யா?” என்று ஒரு குறுக்குக் கேள்வி போடலாம். அந்த அதிகாரம் நடுவர் நாற்காலிக்கு எப்போதும் உண்டு.